கதீட்டரை எடுப்பது யார் பொறுப்பு? பக்கவாத நோயாளிகளின் சிறுநீர்த் தொற்று குறித்து

பக்கவாதம் தாக்கிய ஒருவர் முதல் சில நாள்களைக் கடந்து மீண்டு வருவாரா என்பதைத் தீர்மானிப்பனவற்றுள், மூளையில் ஏற்பட்ட சேதத்தின் அளவோடு சேர்த்து, அச்சேதத்தை ஒட்டி வரும் தொற்றுகளையும் எண்ண வேண்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த வெஸ்டன்டார்ப் முதலான ஆய்வாளர்கள் 87 ஆய்வுகளைத் திரட்டி, ஏறத்தாழ 1,38,000 நோயாளிகளின் தரவுகளை அலசி 2011-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, பக்கவாத நோயாளிகளில் 30 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு தொற்று வருகிறது. நுரையீரல் தொற்றாகிய நிமோனியா 10 விழுக்காட்டினருக்கும், சிறுநீர்த் தொற்று 10 விழுக்காட்டினருக்கும் வருகின்றன. இவ்விரண்டில் மரணத்தோடு வலுவான தொடர்புடையது நிமோனியா என்பதால் மருத்துவர்களின் கவனம் அதன் பக்கமே சாய்வது இயல்புதான். ஆயினும் சிறுநீர்த் தொற்றுக்கு மட்டுமே உரிய ஒரு தன்மை உண்டு: அதன் பெரும்பகுதி, மருத்துவமனையில் மனிதக் கைகள் உள்ளே செலுத்திய ஒரு குழாயின் வழியாக வருவது; ஆகவே அந்தக் கைகளாலேயே தவிர்க்கக்கூடியது.

அந்தக் குழாயே கதீட்டர். மருத்துவமனைப் பேச்சில் 'யூரின் டியூப்' என்று வழங்கும் இது, சிறுநீர்ப்பையிலிருந்து உடலுக்கு வெளியே செல்லும் பாதையான சிறுநீர்ப் புறவழியின் ஊடாக நுழைக்கப்பட்டு, முனைக்கு அருகிலுள்ள சிறு பலூனில் சில மில்லிலிட்டர் நீரை ஏற்றுவதன் மூலம் வெளியே நழுவாமல் நிறுத்தப்படுகிறது. இப்பலூன் அமைப்பை 1930-களில் உருவாக்கிய அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலே, புராஸ்டேட் சுரப்பி அறுவைக்குப் பின் வரும் இரத்தக்கசிவை அழுத்தி நிறுத்தும் நோக்கத்தில்தான் அதில் இறங்கினார். நாள்கணக்கில் உள்ளே தங்கியிருக்கும் வடிகாலாக அது மாறியதும், எந்தப் படுக்கை நோயாளிக்கும் போடப்படும் பொதுக் கருவியாக ஆனதும் பின்னர் நிகழ்ந்தவை.

பக்கவாத நோயாளிக்கு அது ஏன் இத்தனை எளிதாகப் போடப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, மூளைக்கும் சிறுநீர்ப்பைக்கும் உள்ள உறவைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறையும்போது அதன் சுவர்த்தசை தளர்ந்து இடம் கொடுக்கிறது, வாயிலில் உள்ள சுருக்குத்தசைகள் இறுகி நிற்கின்றன. காலியாகும்போது இரண்டும் தலைகீழாக மாறுகின்றன. இந்த மாற்றத்தை ஒரே கணத்தில் ஒத்திசைவாக நிகழ்த்தும் மையம், மூளைத்தண்டின் ஒரு பகுதியான பான்ஸில் இருப்பதைப் பாரிங்டன் என்னும் பிரிட்டிஷ் ஆய்வாளர் 1925-இல் பூனைகளில் செய்த சோதனைகளால் காட்டினார். பான்ஸ் எப்போது செயலில் இறங்கலாம், எப்போது பொறுத்திருக்க வேண்டும் என்ற முடிவோ அதற்கு மேலே, மூளையின் முன்மடலில் எடுக்கப்படுகிறது. முன்மடலில் சேதமடைந்தவர்கள் அறிவுத்திறன் பெரிதும் குறையாமலேயே சிறுநீர்க் கட்டுப்பாட்டை இழப்பதை ஆண்ட்ரூ, நேதன் ஆகிய இருவர் 1964-இல் விரிவாகப் பதிவுசெய்தனர். குழந்தைப் பருவத்தில் பழகிப் பழகி உருவாகும் அந்தத் தடுப்பாற்றல், பக்கவாதத்தால் ஒரே நாளில் கலைந்துபோகக்கூடியது.

பக்கவாதம் தாக்கிய முதல் நாள்களில் சிலருக்குச் சிறுநீர்ப்பைத் தசை முற்றிலும் செயலிழந்து சிறுநீர் தேங்குகிறது. மூளை பெற்ற அதிர்ச்சியின் விளைவாகக் கருதப்படும் இந்நிலை பெரும்பாலும் தற்காலிகமானது. பின்னர் வருவது இதற்கு நேர்மாறான நிலை: முன்மடலின் தடுப்பு இல்லாமையால் தசை சிறிதளவு நிறைவுக்கே சுருங்கி, திடீரென அடக்க முடியாத உணர்வும் கசிவும் உண்டாகின்றன. பெருமூளையில் மட்டும் சேதம் ஏற்பட்டிருந்தால் பான்ஸ் நலமாக இருப்பதால், தசையும் வாயிலும் ஒன்றுக்கொன்று முரண்படுவதில்லை. தண்டுவடக் காயத்தில் நிகழ்வதுபோல் மூடிய வாயிலுக்கு எதிராகச் சிறுநீர்ப்பை அழுத்தி, அந்த அழுத்தம் சிறுநீரகம் வரை ஏறும் ஆபத்து இங்கே குறைவு. பக்கவாதத்துக்குப் பிந்தைய சிறுநீர்ப்பை பெரும்பாலும் மீண்டும் பழக்கக்கூடிய உறுப்பு என்பதற்கு இதுவே உடலியல் அடிப்படை.

சிறுநீர்ப்பையில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே படுக்கை நனைவதும் உண்டு. பேச்சிழப்பு நேர்ந்தவருக்குச் சிறுநீர் வருகிறது என்று சொல்லச் சொல் கிடைப்பதில்லை. ஒரு கை விழுந்தவரால் வேட்டி முடிச்சையோ பாவாடை நாடாவையோ நேரத்துக்கு அவிழ்க்க முடிவதில்லை. அழைப்பு மணி, நோயாளியின் மூளை கவனிக்க மறந்துவிட்ட பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தால் அது இல்லாததற்குச் சமம். இத்தகையவரை 'கட்டுப்பாடு போய்விட்டது' என்று குறிப்பேட்டில் எழுதிக் குழாய் போடுவது, அவருக்கு இல்லாத நோய்க்குச் சிகிச்சை அளிப்பதாகும். அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அருகில் வந்து கேட்கும் ஓர் ஆள்.

மருத்துவமனையில் சேர்க்கப்படும் பக்கவாத நோயாளிகளில் 40 முதல் 60 விழுக்காட்டினருக்குச் சிறுநீர்க் கசிவு இருக்கிறது. வீடு திரும்பும்போது அது 25 விழுக்காடாகக் குறைகிறது. ஓராண்டு கழித்து ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடமே எஞ்சுகிறது. பலருக்கு இக்கோளாறு தானாகவோ பயிற்சியாலோ சரியாகிறது என்பதையே இந்த எண்கள் சொல்கின்றன. இங்கே கதீட்டர் செய்யும், பலராலும் கவனிக்கப்படாத ஒரு தீங்கு உண்டு: குழாய் உள்ளே இருக்கும் வரை சிறுநீர்ப்பை நிறைவதே இல்லை, நிறையாத சிறுநீர்ப்பை உணர்வை எழுப்புவதில்லை, ஆகவே அது மீண்டுவிட்டதா என்பதை அறிய எவருக்கும் வழி இருப்பதில்லை. மூன்றாம் நாளே எடுத்திருக்கக்கூடிய குழாய் மூன்றாம் வாரம் வரை தொடர்வதற்கு இந்த அறியாமையே ஒரு காரணமாகிறது. அதற்குள் தொற்று வந்துவிடுகிறது.

தொற்று வரும் விதம் இப்படி. நலமுள்ள ஒருவரின் சிறுநீர்ப்பைக்குச் சில இயல்பான காவல்கள் உண்டு: ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் புறவழியில் ஏறிவரும் பாக்டீரியாக்கள் அடித்துச் செல்லப்படுகின்றன, உட்சுவரைப் போர்த்திய வழுவழுப்பான படலம் அவற்றை ஒட்டவிடுவதில்லை, ஆண்களுக்குப் புறவழியின் நீளமே, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர், ஒரு தடை. பெண்களுக்கு அது 4 சென்டிமீட்டர் அளவே இருப்பது, அவர்களுக்குத் தொற்று எளிதில் வருவதற்குக் காரணம். கதீட்டர் இந்தக் காவல்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் நீக்குகிறது. புறவழி வழியே சிறுநீர் ஓடுவது நின்றுவிடுகிறது. குழாயின் வெளிப்பரப்பை ஒட்டிக் குடல்வாழ் பாக்டீரியாக்கள் மெல்ல ஏறுகின்றன. இணைப்பு கழற்றப்படும்போதும் பையின் வடிகால் வாய் அசுத்தமான கலத்தில் படும்போதும் உட்பரப்பு வழியாகவும் ஏறுகின்றன. குழாயின் துளைகள் பலூனுக்கு மேலே அமைந்திருப்பதால், பலூனைச் சுற்றித் துளைகளுக்குக் கீழே ஒரு சிறு அளவு சிறுநீர் எப்போதும் வடியாமல் நிற்கிறது. பலூனும் குழாய் முனையும் உரசும் இடத்தில் சுவர் புண்ணாகி ஃபைப்ரினோஜன் என்னும் இரத்தப் புரதம் கசிந்து குழாயின்மேல் படிகிறது. என்டரோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டே குடியேறுகின்றன. நோய்க்கிருமியை எதிர்த்து உடல் கசியவிடும் பொருளே அதற்குப் பிடிமானமாகிவிடுகிறது.

குடியேறியவை தம்மைச் சுற்றிச் சுரக்கும் பசைப்பொருளால் உயிரிப்படலம் என்னும் அடுக்கை உருவாக்குகின்றன. பாசி படிந்த குளத்துப் படிக்கட்டில் தண்ணீரை ஊற்றினால் பாசி போய்விடாததுபோல், இரத்தத்தின் வழியாகச் சிறுநீருக்கு வரும் ஆன்டிபயாட்டிக் மருந்து மிதக்கும் பாக்டீரியாக்களைக் கொன்றாலும் படலத்துக்குள் இருப்பவற்றைத் தொடுவது அரிது. புரோட்டியஸ் என்னும் வகை யூரியாவைச் சிதைத்துச் சிறுநீரைக் காரத்தன்மை உடையதாக்குவதால் தாது உப்புகள் படிகமாகி, குழாயையே அடைத்துவிடுவதும் உண்டு. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா சேரும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு. ஒரு மாதம் கடந்தால் ஏறத்தாழ எல்லோரிடமும் அது இருக்கும். தொற்று அபாயத்தைத் தீர்மானிக்கும் காரணிகள் பல இருந்தாலும், மருத்துவக் குழுவின் கையில் உள்ளவற்றில் மிகப் பெரியது நாள்களின் எண்ணிக்கையே.

பக்கவாத நோயாளிக்கு இந்த அபாயம் கூடுவதற்கு மற்றொரு காரணத்தையும் பெர்லினில் பிராஸ், மைசல் முதலானோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எலிகளில் செயற்கையாகப் பக்கவாதத்தை உண்டாக்கியபோது, அவற்றின் நோய் எதிர்ப்பாற்றல் விரைவில் சரிந்து பாக்டீரியத் தொற்றுகள் தாமாகவே தோன்றின. பரிவு நரம்பு மண்டலம், அதாவது ஆபத்துக் காலத்தில் உடலை முடுக்கிவிடும் நரம்பமைப்பு, மிகையாகத் தூண்டப்படுவதே அதற்குக் காரணம் என்பது, அத்தூண்டலைப் புரோப்ரனலால் மருந்தால் தடுத்தபோது தொற்று குறைந்ததிலிருந்து தெளிவாயிற்று. மூளை காயப்பட்ட அதே நாள்களில் உடலின் காவலும் தளர்ந்திருக்கிறது என்பதால், மற்றொரு நோயாளிக்குப் பொறுக்கக்கூடிய ஒரு குழாய் பக்கவாத நோயாளிக்குப் பொறுக்க முடியாததாகலாம். தொற்றால் வரும் காய்ச்சல், இரத்த ஓட்டம் குறைந்து தத்தளிக்கும் மூளைத் திசுவுக்கு மேலும் தீங்கானது.

இந்த அபாயம் புதிதாகக் கண்டறியப்பட்டதன்று என்பதே இவ்விஷயத்தில் மிகுந்த வருத்தம் தருவது. யேல் பல்கலைக்கழக மருத்துவர் பால் பீசன், கதீட்டருக்கு எதிரான வழக்கு என்ற பொருள்படும் தலைப்பிலேயே 1958-இல் ஒரு தலையங்கம் எழுதி, கட்டாயத் தேவை இல்லாத இடத்தில் அதைத் தவிர்க்குமாறு வலியுறுத்தினார். அக்காலத்தில் குழாயின் மறுமுனை திறந்த கலத்தில் விடப்பட்டதால் நான்கு நாள்களுக்குள் ஏறத்தாழ எல்லா நோயாளிகளின் சிறுநீரிலும் பாக்டீரியா சேர்ந்தது. கால்வின் கூனின், ரெஜினா மெக்கார்மக் ஆகியோர் 1966-இல் மூடிய வடிகால் அமைப்பின் பயனை நிறுவிய பிறகு அந்தக் காலக்கெடு நாள்களிலிருந்து வாரங்களாக நீண்டது. இன்று யூரோபேக் என்று எல்லோரும் அறிந்த பையோடு இணைந்த மூடிய அமைப்பின் அறிவியல் அடிப்படை அதுவே. ஆனால் இம்முன்னேற்றத்துக்கு ஒரு விலையும் இருந்தது என்று கருத இடமுண்டு: பை சுத்தமாகவும் மூடியும் தொங்கியதால், அதைப் பார்ப்பவர்களுக்கு அது ஆபத்தாகத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் சஞ்சய் செயிண்ட் தலைமையிலான குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவை அப்பட்டமாகக் காட்டியது. கதீட்டர் பொருத்தப்பட்ட தம் நோயாளிகளுக்கு அது இருப்பதே 28 விழுக்காட்டு நேர்வுகளில் மருத்துவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. மருத்துவ மாணவர்களிடம் 21 விழுக்காடாக இருந்த இந்த அறியாமை, பொறுப்பு மருத்துவர்களிடம் 38 விழுக்காடாக உயர்ந்திருந்தது. தேவையின்றிப் பொருத்தப்பட்ட குழாய்களே இவ்வாறு மறக்கப்படுவதில் முந்தி நின்றன. இங்கே தனிமனிதரின் அலட்சியத்தைவிட முறைமையின் ஓட்டையே பெரிது. குழாய் போடும்போது ஒரு முடிவு எடுக்கப்படுகிறது, அதற்கு ஒரு நேரமும் ஒரு கையெழுத்தும் உண்டு. அதை எடுப்பதற்கு அத்தகைய நேரமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் போட்டவர் நோயாளியை வார்டுக்கு அனுப்பியதோடு விலகிவிடுகிறார். வார்டு மருத்துவர் ஏதோ காரணத்துக்காகத்தான் போட்டிருப்பார்கள் என்று எண்ணுகிறார். செவிலியர் மருத்துவரின் உத்தரவுக்குக் காத்திருக்கிறார். குடும்பத்தினர் குழாய் இருப்பதையே நல்ல கவனிப்பின் அடையாளமாகக் கொள்கின்றனர். ஒருவரும் தவறு செய்யாமலேயே குழாய் பத்து நாள் உள்ளே இருந்துவிடுகிறது.

செவிலியரின் நிலையைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். இரவுப் பணியில் ஒருவரே பல நோயாளிகளைக் கவனிக்கும் வார்டில், ஒரு பக்கம் அசையாத கனத்த உடலை இரவில் பலமுறை புரட்டித் துணி மாற்றுவது எத்தகைய உழைப்பு என்பதை அறிந்தவர்கள், வசதிக்காகக் குழாய் போடுகிறார்கள் என்று எளிதில் குற்றம் சுமத்தமாட்டார்கள். ஈரத்தால் படுக்கைப்புண் வரும் என்ற அச்சமும் பொய்யன்று. ஆனால் அந்த ஆள் பற்றாக்குறையின் சுமையை நோயாளியின் சிறுநீர்ப்பையின்மீது இறக்கிவைப்பது தீர்வாகாது. சிறுநீரின் அளவை அறிவதற்காகவே பல குழாய்கள் தொடர்கின்றன. நனைந்த டயப்பரை எடைபோட்டு உலர்ந்ததன் எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலிட்டர் என்ற கணக்கில், பெரும்பாலான நோயாளிகளுக்குப் போதுமான அளவு கிடைத்துவிடும்.

அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்களின் வழிகாட்டுதல்கள் இதில் தயக்கமின்றிப் பேசுகின்றன. பக்கவாத நோயாளிகளுக்கு வழக்கமான நடைமுறையாகக் கதீட்டர் போடக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், போட்டிருந்தால் சேர்க்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மறுவாழ்வு வழிகாட்டுதலும் கூறுகின்றன. இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி செலுத்தப்படும் நோயாளிக்கு, குழாய் இல்லாமல் சமாளிக்க முடியுமானால் அதைத் தள்ளிப்போட வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் சேர்கிறது: அம்மருந்து உடலில் உள்ள நேரத்தில் புறவழியில் ஏற்படும் சிறு கீறலும் நில்லாத இரத்தப்போக்காகலாம். உண்மையான தேவைகளும் இருக்கவே செய்கின்றன. மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றும் அறுவைக்கு உட்பட்டவர், மணிக்கு மணி சிறுநீரளவு தெரிந்தே ஆகவேண்டிய அளவு நிலை மோசமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர், வேறு வழியில் வடிக்க முடியாத அடைப்பு உடையவர், ஏற்கெனவே வந்த ஆழ்ந்த படுக்கைப்புண் சிறுநீரால் ஆறாமல் இருப்பவர், இறுதிக்காலத்தில் புரட்டுவதே வேதனையாகிவிட்டவர் ஆகியோருக்குக் குழாய் நன்மையே செய்கிறது. அந்த ஒவ்வொரு தேவையும் என்று முடிகிறது என்பதை நாள்தோறும் கேட்பதே இங்கு வேண்டப்படுவது.

சிறுநீர் தேங்குகிறது என்பதனாலேயே நிலையான குழாய் வேண்டும் என்றும் ஆகிவிடாது. சிறுநீர்ப்பையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை அடிவயிற்றில் வைத்துப் பார்க்கும் சிறிய அல்ட்ராசவுண்ட் கருவி சில நொடிகளில் காட்டிவிடும். அளவு மிகுந்திருந்தால் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயைச் செலுத்தி வடித்துவிட்டு உடனே எடுத்துவிடலாம். இடைவிட்டு வடிக்கும் இம்முறையைத் தண்டுவடக் காயமுற்றோருக்கு இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் நிலைநாட்டினார். முழுக் கிருமிநீக்கம் இல்லாமல் சுத்தமான கைகளால் நோயாளியே செய்துகொள்ளலாம் என்பதை மிச்சிகனைச் சேர்ந்த ஜாக் லாப்பிடிஸ் 1972-இல் காட்டினார். இடையிடையே சிறுநீர்ப்பை நிறைய விடப்படுவதால் அதன் உணர்வும் பழக்கமும் மறைந்துபோவதில்லை. தேக்கம் இல்லாமல் கசிவு மட்டும் உள்ள ஆண்களுக்கு ஆணுறை போன்று வெளியே பொருத்தும் உறைக் கதீட்டரும், படுக்கையிலேயே பயன்படுத்தும் யூரினலும் உதவும். பெண்களுக்கான வழிகள் இதைவிடக் குறைவு. படுத்த நிலையில் பெட்பேனில் சிறுநீர் கழிப்பது நலமுள்ள பெண்ணுக்கே கடினம் என்பதால், உட்கார முடிந்த அன்றே படுக்கையருகே கழிப்பு நாற்காலியில் அமர்த்துவதும், மறைவுக்கு ஒரு திரை இழுத்துவிடுவதும் எந்தக் கருவியையும்விடப் பயன் தருபவை. மலச்சிக்கலைக் கவனிப்பதும் இதில் அடங்கும். நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பை வாயிலை அழுத்தித் தேக்கத்தை உண்டாக்குவது பலமுறை பார்வைக்குத் தப்பிவிடுகிறது.

குழாயை எடுப்பதற்கு முன் சில நாள்கள் அதைக் கவ்வியிட்டு அடைத்து அடைத்துத் திறந்து 'பழக்குவது' நம் மருத்துவமனைகளில் இன்றும் காணப்படும் வழக்கம். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் சார்பில் 2009-இல் வெளிவந்த வழிகாட்டுதல் அது தேவையில்லை என்கிறது. பழக்குவதற்காகக் கூடுதலாக வைக்கப்படும் நாள்கள் தொற்றுக்குக் கொடுக்கப்படும் நாள்களே. எடுத்துவிட்டு, நேரம் குறித்துச் சிறுநீர் கழிக்க அழைத்து, கழித்தபின் எஞ்சிய அளவைப் பார்ப்பதே உண்மையான பயிற்சி.

தொற்றை அடையாளம் காண்பதிலும் பெரும் குழப்பம் நிலவுகிறது. சில நாள்கள் குழாய் இருந்த எவரின் சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினாலும் பாக்டீரியா வளரக்கூடும், சீழணுக்களும் இருக்கும். அறிகுறி எதுவும் இல்லாதபோது இது அறிகுறியற்ற பாக்டீரியாச் சிறுநீர் எனப்படும்; இதற்குச் சில விதிவிலக்குகள் தவிர மருந்து தேவையில்லை. சிறுநீர் கலங்கியிருப்பதும் நாற்றமடிப்பதும் மட்டுமே தொற்றுக்குச் சான்றாகா. காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாப்புற வலி, அடிவயிற்று வலி, புதிதாகத் தோன்றும் இரத்தச் சிறுநீர், வேறு காரணம் புலப்படாத மனக்குழப்பம் ஆகியவற்றோடு சேர்ந்து வரும்போதே அது நோய். பேச இயலாத பக்கவாத நோயாளியிடம் இவற்றுள் பலவற்றைக் கேட்டு அறிய முடியாது என்பதால், காய்ச்சல் வந்தவுடன் சிறுநீரை அனுப்பி, பாக்டீரியா வளர்ந்ததும் காரணம் கிடைத்துவிட்டதாக நிறைவடைவது நடக்கிறது. அதே வேளையில் விழுங்கல் கோளாறால் உணவுத் துகள் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் நிமோனியா வளர்ந்துகொண்டிருக்கலாம். தேவையற்ற கதீட்டர் தரும் தீங்குகளுள் இந்தத் தவறான ஆறுதலும் ஒன்று. உண்மையான தொற்று என்று முடிவானால், இரண்டு வாரங்களுக்கு மேல் இருந்த குழாயை எடுத்துவிட்டு, குழாய் இன்னும் வேண்டுமென்றால் புதிதாகப் போட்டு, அந்தப் புதிய குழாயிலிருந்து மாதிரி எடுத்த பின்னரே ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். பழைய படலத்தோடு மருந்து போரிடுவது வீண்.

முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுத்துத் தடுத்துவிடலாமே என்ற எண்ணம் இயல்பாக எழுவதே. அது முறையாகச் சோதிக்கவும்பட்டது. நெதர்லாந்தில் 2,550 பக்கவாத நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2015-இல் வெளியான பாஸ் ஆய்வில், பாதிப்பேருக்கு நாளொன்றுக்கு 2 கிராம் வீதம் நான்கு நாள்கள் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடப்பட்டது. தொற்றுகள் குறைந்தன, குறிப்பாகச் சிறுநீர்த் தொற்று குறைந்தது. ஆனால் மூன்று மாதங்கள் கழித்து நோயாளிகளின் செயல்திறனில் எந்த மேம்பாடும் காணப்படவில்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகிவரும் இந்திய மருத்துவமனைகளில் இவ்வழியை நாடுவது மேலும் பொருந்தாது. குழாயையே மாற்றியமைத்துத் தொற்றைத் தடுக்கும் முயற்சியும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை: பிரிட்டனின் 24 மருத்துவமனைகளில் 7,102 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், வெள்ளிக் கலவை பூசிய குழாய் பயன்படுத்தியோரில் 12.5 விழுக்காட்டினருக்கும் சாதாரணக் குழாய் பயன்படுத்தியோரில் 12.6 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்தது. விலை கூடிய பூச்சு, ஒரு நாள் முன்னதாகக் குழாயை எடுக்கும் முடிவுக்கு ஈடாகவில்லை.

பலன் தந்தவை எளிய ஏற்பாடுகளே. குழாய் இன்னும் தேவையா என்று நாள்தோறும் நினைவூட்டும் முறையையோ, குறித்த நாளில் உத்தரவு தானே காலாவதியாகும் முறையையோ ஏற்ற மருத்துவமனைகளில் கதீட்டர்த் தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவின் 32 மாநிலங்களில் 603 மருத்துவமனைகளை உள்ளடக்கி 2016-இல் வெளியான திட்டத்தின் முடிவில், பொது வார்டுகளில் தொற்று 32 விழுக்காடு குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குறையவில்லை. முன்வகுத்த விதிகளின்படி, மருத்துவரைக் கேட்காமலேயே குழாயை எடுக்கும் அதிகாரத்தைச் செவிலியருக்கு அளிப்பதே இவற்றுள் தலையாயது என்று கொள்ளலாம்; நோயாளியின் அருகில் எந்நேரமும் இருப்பவர் அவரே. 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 19 பக்கவாதப் பிரிவுகளுள் ஒரு பகுதியில் மட்டும் காய்ச்சல், சர்க்கரை, விழுங்கல் ஆகிய மூன்றையும் கவனிக்கும் வழிமுறை செவிலியர்வழிச் செயற்படுத்தப்பட்டது. 90-ஆம் நாளில் இறந்தோரும் பிறரைச் சார்ந்தோரும் ஒப்பீட்டுக் குழுவில் 58 விழுக்காடாகவும் வழிமுறையைப் பின்பற்றிய குழுவில் 42 விழுக்காடாகவும் இருந்தனர். கதீட்டரைக் குறித்த ஆய்வு அல்ல என்றாலும், பக்கவாத வார்டில் செவிலியரின் கையில் தெளிவான வழிமுறை இருந்தால் எவ்வளவு மாறும் என்பதற்கு அது சான்று.

குழாய் தவிர்க்க முடியாததாகும்போது பராமரிப்பின் நுணுக்கங்கள் முக்கியமாகின்றன. பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே, தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். பக்கவாத நோயாளி ஸ்கேனுக்கும் பிசியோதெரபிக்கும் அடிக்கடி இடம் மாற்றப்படுபவர். டிராலியில் தள்ளிச் செல்லும்போது பையை வயிற்றின்மேல் வைத்துவிட்டால், பைக்குள் நாள் முழுதும் பாக்டீரியா வளர்ந்த சிறுநீர் மீண்டும் உள்ளே பாய்கிறது. உணர்வில்லாத பக்கத்தில் குழாய் மடங்கி உடலுக்கு அடியில் நசுங்கினாலும் அவருக்குத் தெரியாது. குழப்பத்தில் அவரே பிடித்து இழுத்தால் ஊதிய பலூன் புறவழியைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். எனவே குழாயைத் தொடையோடு சேர்த்து ஒட்டிவைப்பது இன்றியமையாதது. குழாய் உடலுக்குள் நுழையும் வாயிலை நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு கழுவினால் போதும். கிருமிநாசினிகளால் துடைப்பதும், பைக்குள் மருந்து ஊற்றுவதும், காரணமின்றிச் சிறுநீர்ப்பையைக் கழுவிவிடுவதும் கூடுதல் பயன் தருவதில்லை.

தமிழகத்தில் இப்பராமரிப்பின் பெரும்பங்கு கடைசியில் வீட்டுக்கே வந்து சேர்கிறது. மனைவியோ மருமகளோ மகனோ கற்றுக்கொண்டு செய்கிறார்கள். 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் சேவையும் பிசியோதெரபியும் இருப்பதால், குழாயோடு வீடு திரும்பியவர்கள் அந்தப் பணியாளர்களிடம் முதலில் கேட்க வேண்டியது குழாயை எப்படிக் கழுவுவது என்பதைவிட, அது இன்னும் வேண்டுமா என்பதையே. அவர்கள் விடை சொல்வதற்கு மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் தாளில் மூன்று தகவல்கள் இருக்க வேண்டும்: குழாய் போட்ட தேதி, போட்ட காரணம், எடுத்துப் பார்க்க வேண்டிய தேதி. இம்மூன்றும் எழுதப்படாத தாளைக் குடும்பத்தினர் வாங்கிக்கொண்டு கிளம்பாமல், வார்டிலேயே நின்று கேட்டு எழுதி வாங்குவதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு.